பால்கன் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஒன்பது வருடமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன். வரும் ஆகஸ்டில் இரண்டு வாரம் குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ சுற்றிவர ஆசை. எங்கள் கார் எட்டு வருடப் பழசு, அவ்வளவு தூரம் தாங்குமோ என்ற பயத்தில் குரோஷியக் கடற்கரை நகரமான ஸ்பிளிட் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார் என்று திட்டம். மொத்தம் 6,800 யூரோ வருகிறது. விமானமும் காரும் 2,300, தங்குமிடம் 2,500, சாப்பாடு 1,200, நுழைவுச்சீட்டு 500, மற்றவை 300. கைக்கு வரும் சம்பளம் 4,400. திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் 300 உட்பட மாதச் செலவு 3,700. சேமிப்பு 13,500. அதைத் தொடாமல் 4,000 யூரோ வங்கிக் கடன் வாங்கி மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம் என்கிறார் மனைவி. செய்யலாமா?

பதில்: கடன் வேண்டாம். பயணம் வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும், கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்ப்போம்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி மிகச் சரி. சேமிப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் 13,500 முழுவதும் உண்மையில் சேமிப்பு இல்லை. வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ மூன்று மாதம் தாக்குப்பிடிக்க உங்களுக்கு 11,100 யூரோ தேவை. அதை யாரும் தொடக்கூடாது, அந்தப் பயம் நல்ல பயம். ஆனால் அதைக் காப்பாற்ற 4,000 கடன் வாங்கினால், 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 125 யூரோ சொச்சம் வீதம் 36 மாதம், மொத்தம் 4,512 கட்டுவீர்கள். 512 யூரோ வட்டி! அதைவிட எனக்கு உறுத்துவது, மகன் மூன்றாம் வகுப்பு போகும்போதும் அவன் முதலாம் வகுப்புக்கு முன்னால் குளித்த கடலுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான். அதற்குள் அம்மாவைப் பார்க்க நாலு பேரும் ஊருக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

இப்போது ஜனவரி. 13,500இல் 11,100ஐ ஒதுக்கினால் 2,400 கையில் நிற்கிறது. மாதம் மிஞ்சும் 700இல் பாதியை, அதாவது 350ஐ, எட்டு மாதம் தனியாகப் போட்டால் 2,800. ஆக 5,200 யூரோ உங்கள் பயணப் பணம். அம்மாவுக்கு அனுப்பும் 300இல் ஒரு காசு குறையவில்லை.

எட்டு மாதம் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? ஆகஸ்டில் போகாதீர்கள், செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தில் போங்கள். உங்கள் மாநிலமான பாடன் வூர்ட்டம்பெர்க்கில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம், ஆனால் நம்மவர்களில் நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. ஜெர்மனியின் மற்ற பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி திறந்த பிறகும் உங்கள் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் நடுப்பகுதி வரை விடுமுறை. ஆகஸ்ட் கூட்டம் கலைந்ததும் அட்ரியாட்டிக் கரையில் அறை வாடகை இறங்கிவிடும், கடலோ இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அடுத்து, உங்கள் காரிலேயே போங்கள். 350 யூரோ செலவழித்து டயர், பிரேக், கூலன்ட் எல்லாம் பார்த்துவிட்டால் எட்டு வருடக் கார் தாராளமாகப் போகும். சுற்று மொத்தம் 3,200 கிலோமீட்டர் அளவுக்கு வரும், பெட்ரோல் 370 யூரோ, சுங்கம் 180 வரை என்று வையுங்கள். ஆஸ்திரியாவின் 10 நாள் விக்னெட், அதாவது நெடுஞ்சாலையில் ஓட்ட வாங்கும் சீட்டு, போக ஒன்று, வர ஒன்று வாங்கினால் இரண்டு மாத விக்னெட்டைவிடக் குறைவு. ஸ்லோவேனியாவில் அப்படி இல்லை, ஒரு வாரத்துக்கு 16, ஒரு மாதத்துக்கு 32, அதனால் மாத விக்னெட்டையே வாங்கிவிடுங்கள், தேதி பார்த்துப் பதற வேண்டியதில்லை. டவர்ன், கரவாங்கன் சுரங்கங்களுக்கும் குரோஷிய நெடுஞ்சாலைக்கும் தனிக் கட்டணம். விமானமும் வாடகைக் காரும் என்றால் 2,300, சொந்தக் காரில் சர்வீஸோடு சேர்த்து 900. வாடகைக் காரில் எல்லை தாண்டத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கிரெடிட் கார்டில் பெரிய தொகையை வேறு முடக்கிவைப்பார்கள், அதெல்லாம் உங்கள் 2,300இல் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

கிளம்புமுன் கார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பச்சை அட்டை, அதாவது வெளிநாட்டிலும் காப்பீடு செல்லும் என்பதற்கான சான்று, கேட்டு வாங்குங்கள். அதில் நாடுகளின் சுருக்கெழுத்து சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கும். பிஐஎச், எம்என்ஈ இரண்டும் கோடு போட்டு அடிக்கப்படாமல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், முதலாவது போஸ்னியா, இரண்டாவது மாண்டினீக்ரோ. சாலை உதவித் திட்டமும் இந்த இரண்டு நாடுகளில் செல்லுமா என்று கேளுங்கள். குடும்பம் முழுவதற்கும் வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு வருடத்துக்குச் சில பத்து யூரோதான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஜெர்மன் குடியிருப்பு அட்டையோடு இரண்டு நாட்டுக்குள்ளும் போகலாம், இருந்தாலும் தூதரகத்தில் ஒரு தடவை உறுதிசெய்துவிட்டு அறை போடுங்கள்.

தங்குவதற்கு உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். ஸ்லோவேனியாவில் லுப்லியானா அருகே ஒரு இரவு, குரோஷியாவில் பிளிட்விட்சே ஒன்று, ஸ்பிளிட் அல்லது ட்ரோகிரில் மூன்று, போஸ்னியாவில் மோஸ்டார் ஒன்று, ட்ரெபின்யே இரண்டு, மாண்டினீக்ரோவில் கோட்டோர் விரிகுடாவில் இரண்டு, டர்மிட்டோர் மலையில் ஷாப்லியாக் இரண்டு, மறுபடி போஸ்னியாவில் சரயேவோ ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று. குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் இரவு தங்கவே வேண்டாம். அங்கிருந்து 30 கிலோமீட்டர் உள்ளே, போஸ்னியப் பக்கம் இருக்கும் ட்ரெபின்யேவில் ஆற்றோரம் தங்கி, காலையிலேயே எல்லை தாண்டிப் போய்விட்டு ராத்திரி திரும்புங்கள். இப்படி 14 இரவுக்கு 1,900 யூரோ போதும்.

நுழைவுச்சீட்டில் மனதைக் கட்டுப்படுத்த வேண்டும். பிளிட்விட்சே ஏரிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரியவர்களுக்கு 40 யூரோ, ஏழு வயதுக்குக் கீழ் இலவசம், சின்னவன் தப்பித்தான். குரோஷியாவின் இன்னொரு அருவிப் பூங்காவான க்ர்காவும் கிட்டத்தட்ட அதே விலை, ஆகவே ஒன்றை மட்டும் பாருங்கள். பிளிட்விட்சே போதும். பிள்ளைகள் அருவியில் குளிக்கத்தான் கேட்பார்கள், ஆனால் பிளிட்விட்சேயில் குளிக்கக்கூடாது, க்ர்காவின் ஸ்க்ரடின்ஸ்கி புக் அருவியிலும் 2021 முதல் தடை. மோஸ்டார் பக்கத்தில் க்ராவிட்சா அருவி இருக்கிறது, பத்து யூரோ அளவுதான், தாராளமாகத் தண்ணீரில் இறங்கலாம். டுப்ரோவ்னிக் மதிலுக்கும் 40 யூரோ. 1,940 மீட்டர் சுற்று, ஒரு பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் கடல், இதற்குக் கொடுக்கலாம். மதில் சீட்டாகத் தனியாக வாங்காமல் ஒரு நாள் நகரப் பாஸாக வாங்கினால் அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் அதிலேயே அடங்கும். ஸ்பிளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனைக்குள் நடக்கக் காசே இல்லை, ஏனென்றால் அந்தச் சுவர்களுக்குள் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். கோட்டோர் கோட்டைக்கு 1,350 படி, சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டாம். கோட்டைச் சீட்டுக்குப் போகும் பணத்துக்கு, அதே விரிகுடாவில் இருக்கும் பெராஸ்டில் படகு பிடித்து நடுக்கடல் தீவுக் கோவிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பணம் மாற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரோஷியா 2023 முதல் யூரோ, மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அங்கேயும் யூரோதான். போஸ்னியாவில் மட்டும் மார்க். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று கட்டிவைத்த விலை, மாறாது. மோஸ்டாரில் நான் ஏடிஎம்மில் 200 மார்க் கேட்டபோது, "உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரவா" என்று பெரிய பச்சைப் பொத்தானோடு 114 யூரோ சொச்சம் காட்டியது. 200 மார்க்கின் உண்மையான விலை 102 யூரோ 26 சென்ட். பின்னால் ஆள் நிற்க, பிள்ளை கையை இழுக்க, அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன். நீங்கள் மாற்றம் வேண்டாம் என்று அழுத்தி மார்க்கிலேயே எடுங்கள். இன்னொன்று, மோஸ்டார் பாலத்தடிக் கடைகளில் ஒரு யூரோவை இரண்டு மார்க் என்றே வாங்கிக்கொள்வார்கள், பத்து மார்க் பொருளுக்கு ஐந்து யூரோ. சரியான கணக்கில் 5.11 வரும், ஆகவே அங்கே யூரோ நோட்டை நீட்டுவது உங்களுக்கு லாபம். ஐந்து, பத்து யூரோ நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். மார்க்கைக் கொஞ்சமாகவே எடுத்து சரயேவோவிலேயே தீர்த்துவிடுங்கள், எல்லையைத் தாண்டினால் அதை மாற்றுவது கஷ்டம்.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் கிடையாது. மகள் கையில் போன் இருந்தால் எல்லை வருமுன் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்த நாடுகளில் வேலை செய்யும் இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கார் 900, தங்குமிடம் 1,900, சாப்பாடு நீங்கள் போட்ட 1,200 அப்படியே, நுழைவுச்சீட்டு 400, காப்பீடு போன் மற்றவை 200. மொத்தம் 4,600. 5,200இல் 600 மிச்சம், அது டயர் வெடித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க. ஒன்றும் ஆகாமல் திரும்பினால் அந்த 600ஐ ஊருக்குப் போகும் டிக்கெட் கணக்கில் போடுங்கள். இந்த மாதச் சம்பளம் ஏறியதும் 350 யூரோ தானாகத் தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். அறைகளைப் பிப்ரவரியிலேயே, இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் போட்டுவையுங்கள்.