வாசக்கால் பக்கம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் காரிமங்கலம் பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வயது 24. இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். அவர் பட்டாளத்தில் இருக்கிறார், இப்போது ஜம்மு பக்கம். முதலில் எதிர்த்த இரண்டு வீட்டாரும் சமாதானமாகி, போன தை மாதம் நிச்சயம் முடிந்தது. 2025 மே 7ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை ஆரம்பித்ததும் அவர் போன் நின்றுவிட்டது. 10ஆம் தேதி சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்ன பிறகும், மறுநாள் ராத்திரிதான் பேசினார். "சாப்பிட்டியா" என்று கேட்டார், அவ்வளவுதான்.

அந்த நாலு நாளில் அம்மா மனம் மாறிவிட்டார். "தாலி கட்டறதுக்கு முன்னாடியே இந்தப் பாடுன்னா, அப்புறம்?" என்று அழுகிறார். ஜாதகத்திலும் ஏதோ இருக்கிறதாம். நான் அவருக்காக எந்தத் தியாகத்துக்கும் தயார். எத்தனை வருடமானாலும் காத்திருப்பேன். உண்மையான காதல் போரையும் பிரிவையும் தாங்கும்தானே ஐயா? இல்லை, வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வதுதான் சரியா? அப்படிக் கேட்டால் நான் சுயநலக்காரியா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

என் மகளைவிட ஒரு வயது பெரியவள் நீ. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரம் நான் பென்னாகரம் பக்கம் என் மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்தேன். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அவரும் பட்டாளத்துக்காரர்தான். வேறு எந்த வாரத்தில் எழுதியிருந்தாலும் இரண்டு வரி பதில் போட்டு, கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பு என்று முடித்திருப்பேன்.

ஜாதகத்தை விடு. எல்லையில் விழுகிற குண்டு எவனுக்கும் ஜாதகம் பார்ப்பதில்லை. இதை அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

"சாப்பிட்டியா என்று கேட்டார், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். நாலு நாள் ஒழுங்காகக் கண் மூடாதவன், பக்கத்தில் பத்துப் பேர் போனுக்காக நிற்கும்போது வேறு என்ன கேட்பான்? கவிதையா சொல்வான்? ஆனாலும் அந்த நாலு நாள் நீ பட்டதைச் சின்னதாக நினைக்கவில்லை, கண்ணு. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, மடியில் வைத்த போனையே பார்த்துக்கொண்டு போயிருப்பாய். எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் "தியாகம்"? அதை முதலில் அடித்துவிடு. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், குடும்பத்துக்காகத் தியாகம் செய்தவர்கள். மருமகள் வந்த மறுநாளே கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துவிட்டார்கள். 24 வயதில் நீயும் ஒரு நோட்டு போடாதே.

உன் அம்மாவின் பயத்தை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போயிருக்கிறாயா? பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருப்பார்கள், நீ ஐஸ் வாங்கித் தின்றிருப்பாய். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கும். மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் நடந்த சண்டையில் "பட்டான்", அதாவது செத்தான், என்று கல்லில் எழுதியிருக்கும். நம் பக்கத்தில் அந்தக் கல்லையே வேடியப்பன் என்று கும்பிடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், கெடா வெட்டுகிறோம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனால் வீரனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டியும் நிற்பாள், அவனோடு செத்தவள். மாஸ்திக்கல் என்பார்கள். அந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதே. வீரப் பதக்கம் வாங்கியவர் இறந்தால் அதற்குரிய மாதப் படி மனைவிக்கு வரும். முன்பெல்லாம் அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். இந்த நிபந்தனையை 2017 நவம்பரில்தான் எடுத்தார்கள். அதுவரை கல்லில் இருந்ததுதான் கோப்பிலும் இருந்தது.

சரி. மாட்டை மீட்டுக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியவனும் இருந்திருப்பான் இல்லையா? அவனுக்குக் கல் கிடையாது. அவன் பெண்டாட்டிக்கும் கிடையாது. அவர்கள் அன்று ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள், அடுத்த வாரம் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பல வருடமாக என்னைக் குடைவது இதுதான். பிரிவுக்குப் பாட்டு இருக்கிறது, சாவுக்குக் கல் இருக்கிறது. திரும்பி வந்தவனோடு குடித்தனம் நடத்துவதற்கு என்ன இருக்கிறது?

அத்தைக்கு 1983இல் கல்யாணம். மாமா லீவு முடிந்து கிளம்பினால் மொரப்பூர் போய் ரயில் ஏற வேண்டும். (முன்பு தருமபுரியிலிருந்தே மொரப்பூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அதை மூடினார்கள். நம் ஊருக்குப் போரே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்வேன்.) பட்டாளத்தில் வருடத்துக்கு 60 நாள் லீவு, 30 நாள் கேஷுவல். முழுசாகக் கிடைத்ததென்றே வைத்துக்கொள். 1993இல் பென்ஷன் வாங்கும்வரை பத்து வருடம். மொத்தம் 900 நாள், இரண்டரை வருடம்கூட இல்லை. அதற்கப்புறம் மாமா இருந்தது 32 வருடம். நீ அந்தப் பத்து வருடத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். 32ஐப் பற்றி ஒரு வரி இல்லை.

அத்தை வீடு ஊருக்குள் இல்லை, காட்டுக்கொட்டாயில். துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை அங்கே விட்டார்கள். ஆறாவதும் ஏழாவதும் அங்கிருந்துதான் படித்தேன். ராத்திரி அத்தை வாசக்காலை ஒட்டிக் கோரைப்பாயைப் போட்டு, தலைமாட்டில் பாய்க்கடியில் கொடுவாளைச் செருகிவிட்டுத்தான் படுப்பார். நாய் குரைத்தால் எழுந்து உட்காருவார், கதவைத் திறக்கமாட்டார். எனக்கு இடம் உள்ளே, நெல் குதிருக்குப் பக்கத்தில்.

மாமா அப்போது இலங்கையில் இருந்தார், இந்திய அமைதிப்படையில் லாரி டிரைவர். கடிதம் வந்தால் தபால்காரர்தான் படித்துச் சொல்வார், அத்தைக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அங்கே அனுப்புவதற்கு முன்னால் ஓர் ஆள் படிப்பான், இங்கே தபால்காரர் படிப்பார், மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: "செவலை எப்படி இருக்குது, தீனி எடுக்குதா?" செவலை அவர்கள் வீட்டுப் பசு. பதில் எழுதுவது என் வேலை. அத்தை சொல்லச் சொல்ல இன்லாண்டில் எழுதுவேன். "செவலை நல்லா இருக்குது. தீனி எடுக்குது. உங்களைத் தேடுது."

மழை இல்லாமல் தீவனம் இல்லாமல், மாமா போன வருடமே செவலையை விற்றாயிற்று. விற்றது மாமாவுக்கும் தெரியும், அதையும் நான்தான் எழுதினேன். "அத்தை, செவலையைத்தான் வித்தாச்சே, பொய் எழுதலாமா?" என்று கேட்டேன். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. "எழுதுடா." ரொம்ப நாள் என் அத்தையைப் பொய்க்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே செத்திருந்தார்கள். அங்கே செத்த தமிழர்களின் கணக்கு வேறு. போகாதது சரியா தப்பா என்று இனி யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம், என்னால் முடியாது. மாமா விஷயத்தில் நடந்தது இதுதான்: மாலையும் இல்லை, மேளமும் இல்லை. அதற்கப்புறம் வடக்கே மூன்று வருடம் இருந்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடும் கம்பளியோடும் வீட்டுக்கு வந்தார். வயது 34.

வந்த முதல் ராத்திரி தன் பாயை வாசக்கால் பக்கம் போட்டார்.

"அது என் இடம்" என்றார் அத்தை.

"ஆம்பள உள்ள படுத்துக்கிட்டு பொம்பளைய வாசக்கால்ல படுக்க வெச்சா ஊரு என்னா பேசும்?"

"பத்து வருசமா ஊரு எங்க படுத்திருந்துச்சு?"

அங்கே ஆரம்பித்தது. மாடுகளை ஒரே வரிசையில் கட்ட வேண்டும் என்றார். பால் பீச்ச உட்கார்ந்தார், மாடு உதைத்தது. அத்தை தன் பெயரில் சொசைட்டியில் கடன் வாங்கி போர்வெல் போட்டிருந்தார். தண்ணீர் வந்து, கடனும் பாதி அடைந்திருந்தது. "யாரைக் கேட்டுப் போட்ட?" என்றார் மாமா. பீரோ சாவி யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு சண்டை. ராத்திரியில் அவர் தூக்கத்தில் கத்துவார். எழுப்பப் போனால் கையை முறுக்குவார், அப்புறம் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார். அத்தை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒருவர்கூட அத்தை பக்கம் இல்லை. "சண்டையில சாகாம வந்தவங்கிட்டப் போயி சண்டை போடறாளே" என்றார் பாட்டி. அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை. பட்டாளத்துக்குப் போன ஒரே காரணத்துக்காக மாமா செய்தது எல்லாம் சரியாகிவிட்டது. அத்தை காத்திருந்தவரை பத்தினி, வாயைத் திறந்ததும் வாயாடி. "எத்தனை வருடமானாலும் காத்திருப்பேன்" என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். காத்திருக்கிற வரைக்கும் எல்லோரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். வந்தவனிடம் "போர்வெல் நான் போட்டது, மோட்டாரை நான்தான் போடுவேன்" என்று சொல்லிப் பார், அப்போது தெரியும். உனக்கும் ஓசூரில் சம்பளம் வருகிறது, உனக்கென்று பழக்கங்கள் வந்திருக்கும், பத்து வருடம் போனால் இன்னும் இறுகும். அவனுக்கும் அப்படித்தான். உங்கள் இரண்டு பேரில் யாரும் இப்போது இருக்கிற ஆளாக அப்போது இருக்கப்போவதில்லை. அதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா? போனில் மணிக்கணக்கில் என்னதான் பேசுகிறீர்கள்?

இரண்டு மாதம் கழித்து மாமா பஸ் ஏறி வந்தார். நான் அப்போது பிளஸ் டூ. அப்பாவுக்குக் கேன்டீன் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை வெளியே வரவே இல்லை. காபி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். கிளம்புகிற நேரத்துக்கு, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"செவலை எப்படி இருக்குது?"

அப்பா முழித்தார். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது. "தீனி எடுக்கல."

குட்டு வாங்கிய இடம் எனக்கு அப்போதுதான் வலித்தது.

ஆறு மணி பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சண்டை நிற்கவே இல்லை, போன வருடம்கூட சாவிக்குச் சண்டை. ஆனால் படுக்கிற தகராறு மட்டும் தீர்ந்தது. இரண்டு பேரும் வாசக்காலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தார்கள். அத்தை தலைமாட்டில் கொடுவாள், மாமா தலைமாட்டில் டார்ச் லைட். ராத்திரியில் வெளியே போக வேண்டியவர்கள் இரண்டு பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் திட்டுவார்கள்.

இலங்கையில் என்ன நடந்தது என்று மாமா எங்கள் யாரிடமும் பேசியதில்லை. குடித்தால்கூடப் பேசமாட்டார். காரியத்தன்று அத்தை ஒன்றே ஒன்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடி. ஒரு கிழவியின் பையைக் கொட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்தவர்களுக்கு அவர்கள் பேசியது எதுவும் புரியாது, மாமாவுக்குத்தான் புரியும். கிழவி கீழே உட்கார்ந்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாளாம், "தம்பி, உன்ர அம்மாவும் தமிழோ?" ஒரு ராத்திரி வாசக்காலில் படுத்துக்கொண்டு மாமா இதைச் சொன்னார். அவர் திரும்பி வந்து எட்டு வருடம் கழித்து.

பதினாறாம் நாள் ராத்திரி வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "தனியா வாசக்கால்ல எதுக்கு, உள்ள வந்து படுங்க" என்று யாரோ சொன்னார்கள். அத்தை பதில் பேசாமல் எப்போதும் போடும் இடத்தில் பாயைப் போட்டார். மாமா பக்கத்துப் பாதியில் டார்ச் லைட் இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய், மறந்தே போனேன். கேட்பதில் சுயநலம் ஒன்றுமில்லை, கேள். ஆனால் அவனிடம் கேள், என்னிடம் இல்லை. கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம், அம்மாவை ஜெயிக்கவும் வேண்டாம். அவன் அடுத்த லீவில் வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒரு நாள் அத்தை வீட்டுக்குப் போய் வாருங்கள். நான் சொல்லி வைக்கிறேன், முகவரி தனியாக அனுப்புகிறேன். களியும் கீரைக் கடைசலும் செய்து போடுவார். கொட்டாய் திரும்பும் இடத்திலேயே குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், நாய் புதுசு.