கூட்டத்தில் பேச வாய் வரவில்லையா? கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் தொடங்குங்கள்

அரச அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, கூட்டங்களில் வாய் திறக்க வருவதில்லை, கருமபீடத்துக்கு (கவுண்டருக்கு) வருகிறவர்களோடு பேசவும் தயக்கமாக இருக்கிறது, இதை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை நகரத்தில் பன்னிரண்டு வருடங்களாக முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். மேடைப் பேச்சுப் பயிற்சி, கண்ணாடி முன் நின்று பேசுவது எல்லாம் செய்து பார்த்தேன். பெரிதாக உதவவில்லை. உதவியது ஒரு வயோதிப அம்மா.

அப்போது காணிப் பிரிவில் இருந்தேன். மூதூருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து காணி அனுமதிப் பத்திரம் தொடர்பாக அவர் வந்திருந்தார். "மூலப் பிரதியையும் நிழற்பிரதியையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு சமர்ப்பிக்க வேண்டும், அம்மா" என்றேன். "சரி, பிள்ளை" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மூன்று நிழற்பிரதிகளோடு வந்து நின்றார். மூலப் பிரதி வீட்டில், பெட்டிக்குள் இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பயணம் இலகுவாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் பஸ் மாறி வந்து, வெயிலில் நின்று, வெறுங்கையோடு திரும்புவது என்பது அவருக்கு ஒரு முழு நாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் அன்றைக்குச் சொன்னது எனக்கு விளங்கவில்லை, பிள்ளை. திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது."

அந்த நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்தது. பேசத் தயங்குவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கருமபீடத்துக்கு அந்தப் பக்கமும் அதே தயக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவர் சொன்ன "சரி"க்கு "கேட்டது" என்று மட்டுமே பொருள். "விளங்கியது" என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு விடயங்களை மாற்றினேன். "மூலப் பிரதி" என்பதற்குப் பதிலாக "பெட்டிக்குள் வைத்திருக்கும் சீல் அடித்த பழைய தாள்" என்றேன். பிறகு, "விளங்கியதா?" என்று கேட்பதை நிறுத்தினேன். அந்தக் கேள்விக்கு யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "வீட்டில் மகன் கேட்டால், என்னென்ன கொண்டுவரச் சொன்னார்கள் என்று சொல்வீர்கள், அம்மா? நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்" என்பேன். பழி என் மேல் இருப்பதால் அவர்கள் கூச்சமில்லாமல் விரல் மடக்கிச் சொல்லத் தொடங்குவார்கள். எங்கே விட்டுப்போனது என்பது உடனே தெரிந்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. என் அண்ணன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார். கப்பலை வழிநடத்துகிறவர் ஒரு கட்டளை சொன்னால், சுக்கான் பிடிப்பவர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார், திருப்பி முடிந்ததும் மறுபடியும் அறிவிப்பார் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். விமானங்களிலும் இதே வழக்கம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று கனேரித் தீவுகளில் ஒன்றான தெனெரீபேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி உட்படப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று ஓர் "ஓகே". புறப்படுகிறோம் என்ற பொருளில் விமானி சொன்னதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் "ஓகே" என்றது. அதைத் தொடர்ந்து வந்த "காத்திருங்கள்" என்பது மற்ற விமானத்தின் வானொலிப் பேச்சோடு கலந்து விமானியின் காதுக்குத் தெளிவாக எட்டவில்லை. அதன் பிறகு, முக்கியமான அனுமதிகளை வெறும் "ஓகே" சொல்லி ஏற்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விமானிகளுக்குக் கண்டிப்பான வழக்கமாகியது.

இப்போது உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் புதிதாக ஒரு கருத்தைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. "அப்படியென்றால் பயனாளிகள் பட்டியலை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் நான் அனுப்ப வேண்டும், சேர், அதுதானே?" என்று ஒரு வாக்கியம் போதும். உங்கள் குரல் அந்த அறையில் ஒருமுறை கேட்டுவிடும். இரண்டாவது முறை நெஞ்சு அவ்வளவு படபடக்காது. நான் முதல் தடவை இப்படிக் கேட்டபோது மேலதிகாரி, "இல்லை, இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி" என்றார். மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேர் தங்கள் குறிப்பேட்டில் திகதியைத் திருத்தினார்கள். கேட்காமல் விட்டிருந்தால்?

எங்கள் ஊரில் மொழி ஒரு தனி விடயம். நான் சேர்ந்த காலத்து விதிப்படி, ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தேன். பேச்சு வரவில்லை. கந்தளாயிலிருந்து வரும் ஒரு சக ஊழியரிடம் தேநீர் வேளையில் தினமும் பத்து நிமிடம் பேசித்தான் அது வந்தது. ஒருமுறை மூத்த சிங்கள அதிகாரியை மரியாதைக்கு "ஐயா" என்று அழைத்தேன். சிங்களத்தில் "அய்யா" என்றால் மூத்த சகோதரன் என்று அந்த அதிகாரிதான் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா" என்பது இரண்டு மொழியிலும் ஒன்றே. அலுவலகத்தில் முஸ்லிம் சகோதரர்களை நாங்கள் "நானா" என்று அழைப்போம். ஒருவரை எப்படி அழைத்தால் அவர் முகம் மலர்கிறது என்பதைக் கவனியுங்கள். அது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காது.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் சொல்லாமல் யாரையும் "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். எந்த அதிகாரி, எந்த நாள், எத்தனை மணி, என்ன தாள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நான் அதற்காகவே பழைய நாட்காட்டித் தாள்களை நான்காகக் கிழித்து மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் அலுவல் மூன்றாவது வருகையில் முடிந்தது. அவர் வெளிக்கிடும் முன், அடுத்த கடிதம் எப்போது வரும், யாரிடம் காட்ட வேண்டும் என்பதை நான் கேட்காமலே தானாகத் திருப்பிச் சொன்னார். ஒரு திகதி மட்டும் பிழைத்தது. திருத்தி எழுதிக் கொடுத்தேன்.