மணல் நிலத்துத் தக்காளியின் கார்பன் கணக்கு

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு ஏக்கர் மணற்பாங்கான நிலத்தில் பி.கே.எம். 1 தக்காளியை பிப்ரவரியில் நட்டேன். கிணற்றுநீரை டீசல் எஞ்சினால் இறைத்தேன். இறைப்புக்கு 140 லிட்டரும் உழவுக்கு 10 லிட்டரும் டீசல் ஆயிற்று. யூரியா 45 கிலோ மூட்டை நான்கும், டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை இரண்டும் போட்டேன். 6 டன் விளைந்ததில் 4.5 டன்தான் விலை போனது. ராமேஸ்வரத்தில் காய்கறி எடுக்கும் ஒரு தங்கும் விடுதியினர், ஒட்டன்சத்திரத்துத் தக்காளியைவிட என் தக்காளிக்குக் கார்பன் தடம் குறைவுதானா என்று கணக்குக் கேட்கிறார்கள். அதை எப்படிப் போடுவது? எப்படிக் குறைப்பது? நிலப்போர்வை விரிக்கலாமா? கார்பன் கடன் வழியாகப் பணம் கிடைக்குமா?

பதில்: அன்புடையீர், டீசலையும் உரத்தையும் மூட்டைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறீர்கள். விற்காமல் போன 1.5 டன்னையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் மிகவும் முக்கியமான எண் அதுதான் என்பதால் முதலில் உங்களுக்கு நன்றி.

கார்பன் தடம் என்பது, ஒரு பொருளை விளைவித்துக் கொண்டுசேர்ப்பதில் வெளியாகும் வெப்பம் பிடிக்கும் வாயுக்களைக் கரியமில வாயுவின் எடையாக மாற்றிக் கூட்டிய எண். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகும். அதன்படி உங்கள் 150 லிட்டருக்கு 402 கிலோ. அடுத்தது உரம். நான்கு மூட்டை யூரியாவில் 83 கிலோவும் இரண்டு மூட்டை டி.ஏ.பி.யில் 18 கிலோவுமாக, மொத்தம் 101 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) நிலத்தில் விழுந்திருக்கிறது. நிலத்தில் இடும் தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது என்று உலக அளவில் கணக்கிடுகிறார்கள். அந்த வாயு நூறாண்டுக் கால அளவில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே அந்த ஒரு பங்கே உங்கள் வயலில் 433 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா மண்ணில் கரையும்போது நேரடியாக வெளிவிடும் கரியமில வாயு இன்னும் 132 கிலோ. மூன்றையும் கூட்டினால் 967 கிலோ. யூரியா ஆலையில் இயற்கை எரிவாயு எரிவதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் உரத்தின் பங்கு இன்னும் கூடும்.

இந்த 967 கிலோவை விளைந்த 6,000 கிலோவுக்குப் பகிர்ந்தால் ஒரு கிலோ தக்காளிக்கு 161 கிராம் வரும். ஆனால் அப்படிப் பகிர்வது சரியாகாது. செடியிலும் மண்ணிலும் அழுகிய தக்காளிக்கும் அதே தண்ணீரை இறைத்தீர்கள், அதே உரத்தை இட்டீர்கள். அதன் சுமையை விலை போன தக்காளிதான் சுமக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 215 கிராம்.

இப்போது ஒட்டன்சத்திரத்து வண்டியைப் பாருங்கள். 5 டன் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் வந்து காலியாகத் திரும்பும் லாரி, போக வர 520 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும் வைத்தால், 87 லிட்டர் டீசல் எரியும். அதைக் கிலோவுக்குப் பகிர்ந்தால் 46 கிராம்தான். அருகில் விளைவதால் உங்களுக்குக் கிடைக்கும் சாதகம் அவ்வளவே. மேட்டு நிலத்தில் நல்ல தண்ணீரில் அளவாக உரமிட்டு விளைவிக்கும் ஒருவர் அந்த 46 கிராமைச் சேர்த்தும் உங்களைவிடக் குறைவாக வர முடியும். உள்ளூர்ப் பொருள் என்ற ஒரே காரணத்தால் தடம் குறைந்துவிடும் என்று விடுதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். உங்கள் தடம் பெரும்பாலும் வரப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதைக் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் பருவத்தை மாற்றுங்கள். நம் கரையோரத்தில் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். நவம்பரில் நாற்றுவிட்டு, கனமழை ஓய்ந்தபின் டிசம்பரில் நட்டால், மண்ணின் ஈரமும் மழையால் இனித்த கிணறும் பயிரின் முதற்பாதிக்குத் துணை நிற்கும். பிப்ரவரியில் நட்டதால் கிணறு உவர்ப்பேறும் மாதங்களில்தான் உங்கள் செடிக்கு அதிகத் தண்ணீர் தேவைப்பட்டது. கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் எஞ்சினை நான்கு மணி நேரம் ஓட்டுவதைவிட, காலையும் மாலையும் சிறுகச் சிறுக இறைப்பதே இக்கிணறுகளுக்கு ஏற்றது.

உவர்ப்பு கார்பன் கணக்கையும் தொடுகிறது. மண்ணை நீர்விட்டுக் குழைத்துப் பிழிந்த சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 2.5 டெசிசைமனைத் தாண்டினால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் தக்காளி விளைச்சல் ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். 4.5 இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். செலவிட்ட டீசலும் யூரியாவும் குறையா. விளைச்சல் குறைவதைக் கண்டு பலர் இன்னொரு மூட்டை யூரியா போடுகிறார்கள். உப்பால் வாடும் செடிக்கு அது உதவாது. ராமநாதபுரத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் மண்ணையும் கிணற்றுநீரையும், நடுவதற்கு முன் ஒருமுறை, பூக்கும் தருணத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

உரத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, வீரிய ஒட்டு அல்லாத ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. நீங்கள் இட்டது 101. டி.ஏ.பி.யை அப்படியே வைத்துக்கொண்டு யூரியாவை இரண்டு மூட்டையாகக் குறைத்தாலே அந்த அளவு வந்துவிடும். கோடையில் ஆட்டுக்கிடை போட்ட (எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்த) நிலமானால் இன்னும் குறைக்கலாம். நம் மாவட்டத்தில் கிடைக்காரர்களுக்குக் குறைவில்லை. இந்த வழக்கம் தேய்வதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாணத்தை மட்டும் ஈரக் குவியலாக மாதக்கணக்கில் கிடத்த வேண்டாம். காற்றோட்டமில்லாத குவியலிலிருந்து மீத்தேன் கிளம்பும்.

சொட்டுநீர் அமைப்புக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடு மானியம் உண்டு. இறைப்பு பாதியாகக் குறைந்தால் 70 லிட்டர் டீசல் மிச்சம். மின்மோட்டாருக்கு மாறினால் தடம் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், அது டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய சமமாகவே நிற்கிறது. மின்சாரம் விலையில்லாமல் கிடைக்கலாம். அதன் புகை வேறோர் ஊரில் எழுகிறது, அவ்வளவுதான். சூரிய பம்பு உண்மையிலேயே குறைக்கும். ஆனால் செலவில்லை என்று நாள் முழுதும் ஓடவிட்டால் கிணறு உவர்த்துப்போகும்.

நிலப்போர்வை பற்றி: 25 மைக்ரான் பிளாஸ்டிக் தாளானால், அரை ஏக்கர் பரப்பை மூடவே 46 கிலோ வேண்டும். அறுவடைக்குப்பின் அதை வரப்பில் கொளுத்தினால் 140 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவும் நச்சுப் புகையும் வரும். கரையோரத்தில் தென்னை ஓலையும் பனையோலையும் கிடக்கும்போது அவற்றையே செடியடியில் பரப்புங்கள். தென்னை நார்க்கழிவானால் மக்கிய பிறகே போட வேண்டும். பச்சையாகப் போட்டால் அது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

விற்காத 1.5 டன்னுக்கு வழி, நடவைப் பிரிப்பதுதான். அரை ஏக்கரை முதலிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் நட்டால் பறிப்பு ஒரே வாரத்தில் குவியாது. நிறம் திரும்பும் பருவத்தில் பறித்து நிழலில் பெட்டியில் அடுக்குங்கள். விலை விழுந்த வாரத்தில் தக்காளி வற்றல் போடலாம். கருவாடு காயும் வெயில் அதற்குப் போதும். இவற்றைச் செய்து 5.5 டன் விற்றால், யூரியாவில் 242 கிலோவும் டீசலில் 188 கிலோவும் குறைந்து, மிச்சம் 537 கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய 98 கிராம்.

கார்பன் கடனை, அதாவது குறைத்த வாயுவுக்குச் சான்று பெற்று விற்பதை, நம்பிச் செலவு செய்ய வேண்டாம். நீங்கள் குறைக்கும் அரை டன்னுக்கும் குறைவான அளவை அளந்து சான்றளிக்கும் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும். நூற்றுக்கணக்கான ஏக்கர் சேர்ந்த உழவர் குழுவுக்குத்தான் அது பொருந்தும். யூரியாவிலும் டீசலிலும் மிச்சமாகும் பணம் இந்தப் பருவத்திலேயே உங்கள் கைக்கு வரும்.

விடுதிக்கு இந்த ஆண்டு 215 கிராம் என்ற எண்ணையே, ஆலைப் புகை சேராதது என்ற குறிப்போடு எழுதிக் கொடுங்கள். டிசம்பர் நடவிலிருந்து டீசல், உரம், பறிப்பு, விற்பனை நான்கையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, பருவ முடிவில் புதிய எண்ணை அதன் பக்கத்தில் வையுங்கள்.