அயர்லாந்தில் உண்பதும் தங்குவதும்: பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மே மாத இறுதியில் குடும்பத்துடன் அயர்லாந்துக்குச் செல்கிறோம். அந்நாட்டின் பாரம்பரிய உணவையும் வீட்டு விருந்தோம்பலையும் அனுபவிக்க விரும்புகிறோம். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. என் மனைவி சைவம். மகளுக்கு 12 வயது. எங்கே தங்கலாம்? உணவகங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விருந்தோம்பல்தான் உங்கள் முதல் நோக்கம் என்றால், சில இரவுகளையாவது குடும்பத்தினரே நடத்தும் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ இல்லங்களில் கழியுங்கள். அங்கே காலை உணவு வீட்டு அடுப்பில் உங்களுக்காகச் சமைக்கப்படுகிறது. மாலையில் எங்கே நல்ல உணவும் இசையும் கிடைக்கும் என்பதை வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் ஒன்றை அறிந்திருங்கள்: ‘ஹோட்டல்’, ‘கெஸ்ட்ஹவுஸ்’ என்று பெயரிட்டுக்கொள்ள அங்கே சட்டப்படி பதிவு தேவை, இத்தகைய வீடுகளுக்கு அது கட்டாயமில்லை. எனவே அரசின் சுற்றுலா ஆணையமான ஃபால்ச்சா அயர்லாந்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கும் பல பொருள்களை 14 நாள்களுக்குள் காரணமின்றித் திருப்பித்தரும் ஐரோப்பிய உரிமை, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது. ஆகவே ரத்து விதிகளைப் படிக்காமல் முன்பணம் செலுத்த வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை உங்கள் குடும்பத்துக்கு மிகுந்த கவனம் தேவை. காலைத் தட்டில் வரும் பன்றி இறைச்சித் துண்டுகள், சாசேஜ், பன்றி இரத்தமும் தானியமும் சேர்ந்த கருப்பு புட்டிங், இரத்தம் சேராவிட்டாலும் பன்றி இறைச்சி உள்ள வெள்ளை புட்டிங் ஆகியவை உங்கள் மனைவிக்கு உதவா. மோரும் சோடா மாவும் கலந்து சுடப்படும் பழுப்பு ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, காளான், தக்காளி ஆகியவை உதவும். இறைச்சி வறுத்த சட்டியில் அவற்றைச் சமைக்க வேண்டாம் என்று முன்தினமே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு மசியலில் முட்டைக்கோஸ் அல்லது கேல் கீரையும் வெண்ணெயும் சேர்த்த கோல்கானனையும், லீட்ரிம், கேவன் பகுதிகளுக்குரிய உருளைக்கிழங்கு அடையான பாக்ஸ்டியையும் விட்டுவிடாதீர்கள். அந்நாட்டுச் சமையலின் சிறப்பு இந்த எளிய உணவுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இவற்றிலும் பன்றி இறைச்சி சேர்ப்பவர்கள் உண்டு.

அயர்லாந்துச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்கள் உணவில் உள்ளனவா என்பதை உணவகங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துச் சைவம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இறைச்சி அந்த 14 வகைகளில் அடங்காது. காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். உருளைக்கிழங்கு சிப்ஸ் (நாம் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் என்பது) மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்பட்டிருக்கலாம். ‘ஐரிஷ் ஸ்டியூ’ என்ற குழம்பு மரபுப்படி ஆட்டிறைச்சியில் செய்யப்படுவது. எனினும் மாட்டிறைச்சியில் செய்வோரும் இருப்பதால், நீங்களும் கேட்டுவிட்டே வாங்குங்கள். பரிமாறும் மாட்டிறைச்சி எந்த நாட்டுடையது என்று உணவகங்கள் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டமே.

மதுவும் உணவும் பரிமாறும் இடமான பப்புக்கு மகளுடன் செல்லலாம். மே முதல் செப்டம்பர் வரை பெற்றோருடன் வரும் சிறுவர்கள் இரவு 10 மணி வரையிலும், மற்ற மாதங்களில் 9 மணி வரையிலும் அங்கே இருக்கலாம். மே இறுதியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும்; அதை நம்பித் தாமதித்தால், சிற்றூர்களில் பப்பின் சமையலறை மூடியிருக்கலாம். டப்ளினில் டெம்பிள் பார் பகுதியில் விலை அதிகம். விலைப்பட்டியலை வாசலிலோ உள்ளே நுழைந்தவுடனோ காணும்படி வைக்க வேண்டும் என்பது விதி என்பதால், உட்காரும் முன்பே படித்துவிடலாம்.

கேள்வி: பில்லில் ‘சேவைக் கட்டணம்’ இருந்தால் டிப்ஸும் தர வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2022 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அப்பெயரில் வசூலிக்கும் தொகை ஊழியர்களுக்கே செல்ல வேண்டும். டிப்ஸ் எவ்வாறு பகிரப்படுகிறது என்ற அறிவிப்பையும் வாடிக்கையாளர் காணும்படி வைக்க வேண்டும். சேவைக் கட்டணம் இல்லாத இடத்தில், மேசையில் பரிமாறப்பட்ட உணவுக்குச் சுமார் 10 சதவீதம் தருவது வழக்கம். அதுவும் உங்கள் விருப்பமே. பப்பின் கவுண்டரில் நீங்களே பானம் வாங்கும்போது யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கார்டு இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கூடுதலாகச் செலவாகும்.