பூச்சுக் கரண்டியை இப்போதே கீழே வைக்க வேண்டாம்

கேள்வி: ஜெர்மனியில் பிரேமன் நகரில் இருக்கிறோம். என் மகன் சுவர்ப்பூச்சு வேலைக்கான மூன்று வருடத் தொழிற்பயிற்சியில் கடைசி வருடம் படிக்கிறான். கட்சி வேலைதான் முக்கியம் என்று இப்போது பயிற்சியை விடப் பார்க்கிறான். கேட்டால், “கைசனும் பூச்சு வேலைக்காரர்தானே” என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அம்மா, பையன் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். கதையைத்தான் பாதியில் நிறுத்திவிட்டான்.

உங்கள் ஊரில் வெசர் ஆற்றுப் பாலம் ஒன்றுக்கே பெயராகிவிட்ட முன்னாள் மேயர் வில்ஹெல்ம் கைசன், 1887-ல் ஹாம்பர்கில் பிறந்தவர். சுதைப் பூச்சு வேலை கற்றுக் கட்டடங்களில் உழைத்தார். சோசியல் டெமாக்ரட் கட்சி பெர்லினில் நடத்திய பள்ளிக்குப் போனது அதற்குப் பிறகுதான். புகழ்பெற்ற சோசலிசத் தலைவர் ரோசா லக்சம்பர்க் அங்கே பாடம் எடுத்தார். வருங்கால மனைவி ஹெலனைக் கைசன் சந்தித்ததும் அங்கேதான். (இதை மட்டும் மகனிடம் சொல்லாதீர்கள், இன்றைக்கே கிளம்பிவிடுவான்.) அப்புறம் பிரேமனில் பத்திரிகை வேலை, 1920-ல் மாநிலச் சட்டமன்றம், 1928-ல் மக்கள்நலத் துறைப் பொறுப்பு.

1933-ல் நாஜிகள் வந்ததும் பதவி போயிற்று. கொஞ்ச நாள் சிறையிலும் வைத்தார்கள். மனிதர் நகரத்து ஓரமாக போர்க்ஃபெல்டில் சிறு நிலம் பார்த்துக் குடும்பத்தோடு விவசாயத்தில் இறங்கிவிட்டார். கரண்டிக்கு அங்கே வேலை இல்லை, மண்வெட்டிதான். ஆனால் உடம்பு வணங்கி உழைக்கச் சின்ன வயதிலேயே பழகியவரால்தான் நாற்பது தாண்டிய பிறகு அப்படி இறங்க முடியும் என்பது என் எண்ணம். 12 வருடம் அப்படியே ஓடியது. 1945-ல் அமெரிக்கர்கள் தேடி வந்து அழைத்த பிறகு, 1965 வரை அவர்தான் மேயர், பிரேமன் தனி மாநிலமும் என்பதால் மாநிலத்துக்கும் தலைவர். அப்போதும் அந்தப் பண்ணை வீட்டை விட்டு வரவில்லை.

கட்சியில் பதவி இன்று இருக்கும், நாளை போகும். போகிற நாளில் சம்பாதிக்க உங்கள் மகன் கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். தேர்வு எழுதிச் சான்றிதழை வாங்கட்டும். ஒரு வருடம்தானே?

அதுவரை அரசியலே கூடாது என்று தடுக்காதீர்கள், வீம்பு வந்துவிடும். பிரேமனில் ஒவ்வொரு பகுதிக்கும் ‘பைராட்’ என்ற வட்டார மன்றம் இருக்கிறதே, அதன் உறுப்பினர்கள் எல்லாம் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே பொதுச்சேவையாகச் செய்கிறவர்கள். அங்கிருந்து தொடங்கட்டும். கூட்டங்களுக்கு யாரும் போகலாம். முதல் தடவை நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.