வயலை விற்றுச் சென்னைக்குப் போகத்தான் வேண்டுமா?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 43 வயது, கமம் செய்பவர். எட்டு மாதத்துக்கு முன் வயிற்றின் இடப்பக்கம் கனக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, இரத்தம் சோதித்த பிறகு இரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் 'சி.எம்.எல்.' என்று இருக்கிறதாம். இமாட்டினிப் 400 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு ஒன்று. இப்போது ஆள் நல்ல சுகம், மண்வெட்டி பிடிக்கிறார். கிளினிக்கில் குளிசை தட்டுப்பட்டபோது இருந்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். இதற்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, "குளிசையால் இது மாறாது, சென்னையில் எலும்பு மச்சை மாற்றினால் முற்றாகச் சுகம், 60 இலட்சம் முடியும், முற்பணம் 5 இலட்சம் தாருங்கள்" என்கிறாராம். வயலை விற்கலாமா என்பதுதான் சகோதரியின் கேள்வி. கூடவே இன்னும் சில: கனடாவில் இருக்கும் மச்சான், அங்கே சிலர் குளிசையையே நிறுத்திவிட்டார்கள் என்கிறாரே, அது உண்மையா? முதுகில் கிடக்கும் ஷெல் துண்டால் வந்த வருத்தமா? மாமியார் அவருடைய கோப்பையைப் புறம்பாக வைக்கிறார், வைக்கத்தான் வேண்டுமா? அவரைத் தாங்குவது என்றால் என்ன?

சகோதரி, வயலை விற்காதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கதைக்கலாம்.

இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல வருத்தங்கள் இருக்கின்றன. சில வகை வாரக்கணக்கில் ஆளை விழுத்திவிடும், அவற்றுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி மருந்து ஏற்ற வேண்டும். உங்கள் கணவருக்கு வந்திருப்பது அது அல்ல, கொப்பியில் சி.எம்.எல். என்று இருக்கும் நாட்பட்ட வகை. எங்கள் கலத்துக்குள் பரம்பரைத் தகவலைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்களில் 9ஆம், 22ஆம் இழைகளின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. குளத்துத் துருசு மூட முடியாமல் இறுகிப்போனால் என்ன நடக்கும்? தேவை இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர் வயலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அதேபோல இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் அளவில்லாமல் பெருகுகின்றன. மண்ணீரல் வீங்கி இடப்பக்கம் கனத்தது அதனால்தான். இமாட்டினிப் குளிசை அந்தத் துருசை அழுத்தி மூடிப் பிடிக்கும் கை. பிடித்திருக்கும் வரை வெள்ளம் வராது. கையை எடுத்தால் வரும்.

இந்தக் குளிசை 2001இல்தான் பாவனைக்கு வந்தது. அதற்கு முன் இந்த வருத்தம் வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களே இருந்தார்கள். அந்தக் காலத்தில், எலும்புக்குள் இரத்தம் உருவாகும் மச்சையை இன்னொருவரிடமிருந்து எடுத்து மாற்றுவதுதான் தப்புவதற்கு இருந்த வழி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குளிசை வந்த பிறகு கதை மாறிவிட்டது. இமாட்டினிப்பில் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பத்து வருடம் கழித்தும் நூறு பேரில் 83 பேர் உயிருடன் இருந்தார்கள். இன்று உலகில் எந்த நல்ல வைத்தியரும் இந்த வருத்தத்துக்கு முதல் வைத்தியமாக மச்சை மாற்றச் சொல்லமாட்டார். குளிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டால், அல்லது வருத்தம் கடும் வகையாக முற்றினால் அந்தப் பேச்சு வரும். அதையும் உங்களைப் பார்க்கும் கிளினிக் டொக்டர்தான் சொல்ல வேண்டும், படலையில் வந்து நிற்கும் ஆள் அல்ல.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களை வருத்தத்தை விட இவர்கள்தான் அழித்திருக்கிறார்கள். இவர்களுக்கு உங்கள் விபரம் எப்படிப் போகிறது? ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒருவர் பரிவாகக் கதைக்கிறார். கொப்பியைக் காட்டச் சொல்லித் தொலைபேசியில் படம் எடுக்கிறார். இரண்டு நாளில் 'இந்திய ஆஸ்பத்திரியின் இணைப்பாளர்' அழைப்பெடுக்கிறார். பிறகு, "உங்கள் சகோதரங்களின் இரத்தம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்" என்று தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான். அதை அவர் சொல்லமாட்டார். ஒவ்வொருவராகச் சோதிக்க ஒவ்வொரு முறையும் காசு. பொருந்தி மாற்றினால்கூட, ஏற்றிய மச்சை சொந்த உடம்பையே தாக்கித் தோலும் குடலும் ஈரலும் பழுதாகலாம், உயிரும் போகலாம். அதையும் சொல்லமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. இதே வருத்தம், இதே குளிசை. உழவு இயந்திரத்தை விற்று ஒருவரிடம் காசைக் கொடுத்துவிட்டு விசாவுக்கும் திகதிக்கும் நாலு மாதம் காத்திருந்தார்கள். "எப்படியும் மாற்றத்தானே போகிறோம், குளிசை வேண்டாம்" என்று அந்த ஆள் சொன்னதைக் கேட்டு அதையும் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் பலாலி விமான நிலையத்தில் ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்தால், அங்கிருந்த வைத்தியர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இங்கே எதற்கு வந்தீர்கள்? ஊரில் கொடுத்த குளிசையைப் போட்டிருந்தால் போதுமே" என்று சொல்லி அதே குளிசையை எழுதிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தபோது வருத்தம் முற்றியிருந்தது. அந்த மனிதரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. சென்னை வைத்தியரில் எனக்குக் குறை இல்லை, அவர் நேர்மையாகச் சொன்னார். இடையில் நின்றவரின் தொலைபேசி அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

வேறொரு வைத்தியரின் கருத்தும் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் பிழை இல்லை, கேட்கத்தான் வேண்டும். அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளருக்கென்றே பிரிவு வைத்திருக்கிறார்கள். ரிப்போட்டுகளைப் படம் எடுத்து உங்கள் பிள்ளையோ மச்சானோ நேரடியாக அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். நீங்கள் கட்டும் பில்லிலிருந்து தரகருக்குக் கொமிஷன் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது கணவரின் படத்தைப் போட்டு வெளிநாட்டில் காசு சேர்க்கிறேன் என்று வந்தால், வங்கிக் கணக்கு உங்கள் கணவரின் பெயரிலோ உங்கள் பெயரிலோ இல்லாத வரை சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே யாருக்காவது காசு கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். வெட்கப்பட்டு மூடி மறைப்பவர்களை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் பயம் தந்த வரி அதுதான். மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் தவறவிடுபவர்களுக்குக் குளிசை ஒழுங்காக வேலை செய்யாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரைகுறையாகப் போட்டால், குளிசைக்கு அடங்காத கலங்கள் தலையெடுக்க இடம் கிடைக்கும். சுகமாக இருக்கிறார் என்பது வருத்தம் போய்விட்டது என்பதற்கு அடையாளம் அல்ல, குளிசை வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். அவரைத் தாங்குவது என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு குளிசையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரும் அவர் முன்னால் வையுங்கள், விழுங்கும் வரை நில்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டால்தான் சத்தி அதிகம் வரும். போட்ட பிறகு சத்தி எடுத்தாலும், ஒருநாள் மறந்தாலும், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும். கண் ஓரம் ஊதுவதும் கெண்டைக்கால் குறண்டுவதும் இந்தக் குளிசைக்கு வழமை. தாங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்கோ காசநோய்க்கோ யாராவது மருந்து கொடுத்தால் கொப்பியைக் காட்டுங்கள், அவற்றில் சில இதன் பலத்தைக் குறைத்துவிடும். பஸ்பம், செந்தூரம் என்று யார் தந்தாலும் வேண்டாம்.

தட்டுப்பாடு உங்கள் பிழை அல்ல. ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாத மருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் 'இல்லை' என்று வெறுங்கையுடன் அனுப்புகிற இந்த முறையை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் உள்ள இடங்களில், புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழை கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர், கொழும்புப் பக்கத்து மகரகம 300க்கும் மேல். ஒரு பெட்டி குளிசைக்காக ஒரு கமக்காரன் இரண்டு நாள் கூலியை விட்டு இரவு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் கால்நடையாக நடந்து காசு சேர்த்தார்கள். சனம் நடந்து கட்டடத்துக்கு வழி செய்தது. மருந்துப் பெட்டியை நேரத்துக்கு A9 வீதியால் கொண்டுவந்து சேர்க்க அரசாங்கத்துக்கு இன்னும் முடியவில்லை.

ஆனாலும் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. இரண்டு கிழமைக்கான குளிசை கையில் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள், முடியும் வரை காத்திருக்காதீர்கள். இல்லை என்று சொன்னால் வாசலில் இருந்து திரும்பாமல் டொக்டரைக் கண்டு, ஆஸ்பத்திரியே வெளியில் வாங்கித் தரும் 'லோக்கல் பர்சேஸ்' முறையில் எடுத்துத் தரக் கேளுங்கள். அது சலுகை இல்லை, ஆஸ்பத்திரிக்கு இருக்கும் வழி. அதுவும் சரிவராவிட்டால் வேறு எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்துத் தரச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தால் அரச மருந்துக் கடையான ஒசுசலவிலோ பில் தரும் பாமசியிலோ வாங்குங்கள். 'ஒரிஜினல் வெளிநாட்டுக் குளிசை' என்று பையில் கொண்டுவந்து விற்பவரிடம் வேண்டாம். மட்டையின் நிறம் மாறினால் பயப்படவும் வேண்டாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் இந்த மருந்துக்குக் காப்புரிமை மறுத்ததால்தான் பல கொம்பனிகள் தொடர்ந்து மலிவாகச் செய்கின்றன. மருந்தின் பெயரும் 400 என்ற அளவும் ஒன்றாக இருந்தால் அதே குளிசைதான்.

இனி மச்சான் சொன்னது. அது பொய் அல்ல, அதனால்தான் ஆபத்து. வெளிநாடுகளில் சிலர் குளிசையை நிறுத்தியிருக்கிறார்கள், உண்மை. யார் அவர்கள்? வருத்தம் ஒருபோதும் முற்றாதவர்கள். இமாட்டினிப்பை ஐந்து வருடமாவது நாள் தவறாமல் போட்டவர்கள். பிசிஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் வருத்தத்தின் அளவு 0.01 வீதமோ அதற்கும் கீழோ வந்து, அப்படியே வருடக்கணக்கில் நின்றவர்கள். கொரோனாக் காலத்தில் மூக்கில் எடுத்த பிசிஆர் அல்ல இது, இரத்தத்தில் செய்வது. இவ்வளவு இருந்தும், நிறுத்திய பிறகு முதல் ஆறு மாதத்துக்கு மாதாமாதம் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், பிறகும் விடாமல் தொடர வேண்டும். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருத்தம் திரும்பும், அதுவும் பெரும்பாலும் அந்த முதல் ஆறு மாதத்துக்குள். உடனே கண்டுபிடித்துக் குளிசையைத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மீண்டும் கட்டுப்படும். கண்டுபிடிக்கப் பரிசோதனை வேண்டுமே! என்னிடம் வருபவர்களில் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பிசிஆரையே காசு தேடி வருடத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து மாதாமாதம் செய்யுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? உங்கள் கணவருக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஐந்து வருடம் கழிந்து, அந்த அளவும் வந்து, பரிசோதனைக்கு வழியும் இருந்தால் அன்று டொக்டருடன் இருந்து கதையுங்கள். அதுவரை மச்சானிடம், குளிசையை நிறுத்தும் கதைக்குப் பதில் பிசிஆருக்குக் காசு அனுப்பச் சொல்லுங்கள். அது பெரிய உதவி.

ஷெல் துண்டைப் பற்றி வன்னியில் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். உடம்புக்குள் கிடக்கும் இரும்புத் துண்டால் இந்த வருத்தம் வருவதாக மருத்துவத்தில் சான்று இல்லை. கடும் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு வரலாம் என்பது தெரியும், மற்றவர்களுக்குக் காரணம் சொல்ல முடிவதில்லை. ஆனால் எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் துண்டு இருப்பதை முதலே சொல்லிவிடுங்கள், அந்த இயந்திரம் பெரிய காந்தம்.

மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, இது தொற்றாது. அவர் குடித்த கோப்பையில் நீங்கள் குடிக்கலாம், பேரப்பிள்ளை அவர் மடியில் படுக்கலாம். பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகிற வருத்தமும் அல்ல. உங்கள் மகன் புறம்பான கோப்பையைப் பார்த்துப் பார்த்துத்தான் மனம் உடைவார். மனம் உடைந்தவர் முதலில் விடுவது குளிசையைத்தான்.

வயல் வேலை செய்யட்டும், தடை இல்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தக் குளிசை போடுபவர் என்று சொல்லி இரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். டெங்கும் எலிக்காய்ச்சலும் உள்ள இடம், குளிசையாலும் எண்ணிக்கை குறையலாம். தானாக அஸ்பிரினோ புரூபனோ கொடுக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பிசிஆர் எப்போது செய்தது, எத்தனை வீதம் என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஆறாம் மாதத்தில் 1 வீதத்துக்குக் கீழேயும் வருட முடிவில் 0.1க்குக் கீழேயும் இருந்தால் நல்லாகப் போகிறது என்று அர்த்தம். இறங்காமல் நின்றால், விட்ட குளிசைகளாலா, இந்தக் குளிசை போதாமலா என்று டொக்டர் பார்ப்பார். போதாவிட்டால் டசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த குளிசைகள் இருக்கின்றன.