தேக்கு மரத்தடியில் காளான்: மருந்து ஊற்றுவதா, வித்து தூவுவதா?

கேள்வி: எட்டு வயதுத் தேக்கு, 300 மரம் நிற்கிறது. மழை விட்டதும் மரத்தடியில் வெள்ளைக் காளான் கூட்டமாக முளைக்கிறது. மரம் பட்டுவிடுமா? பூசணக்கொல்லி ஊற்றச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். இன்னொருவர், "காளான் வித்து தருகிறேன், தேக்கடியில் தூவுங்கள், மரத்தைவிட அதில்தான் வருமானம்" என்கிறார். எது லாபம்?

பதில்: காளானையும் தேக்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சிப்பிக் காளான் வித்துப் போட்ட ஒரு மாதத்தில் கைக்கு வரும்; பறிக்க இரண்டு நாள் தாமதித்தால் வீண். தேக்கு 20, 25 வருடம் கேட்கும். வெட்டுவதைத் தள்ளிப்போட்டால் வைரம் (மரத்தின் உறுதியான நடுக்கட்டை) ஏறத்தான் செய்யும்.

சிப்பிக் காளான் வேகவைத்த வைக்கோலில், ஈரம் காயாத குடிலில் வளர்வது. திறந்த மண்ணில் தூவினால் மற்றப் பூசணங்கள் முந்திக்கொள்ளும். கோடையில் தேக்கு மொட்டையாக நிற்கும்போது நிழலுக்கு எங்கே போவது? வித்துக்காரருக்குப் பொட்டலம் விற்றால் சரி.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, முளைப்பது என்ன காளான் என்பதை. ஒன்றை மெல்லத் தோண்டிப் பாருங்கள். காம்பு வேர்போல நீண்டு ஆழத்தில் இறங்கினால் புற்றுக் காளான். கீழே கரையான் கூடு இருக்கும். சருகும் வெள்ளை இழையுமாகப் பெயர்ந்து வந்தால் அது சருகுதின்னி. இவற்றால் மரம் பட்டுப்போகாது. தூரிலேயே காம்பில்லாமல் தட்டுபோல ஒட்டிக்கொண்டு, கட்டைபோல் கெட்டியாக இருந்தால் கவலை. அப்போது அழுகல் உள்ளே போயாயிற்று, மேலே மருந்து ஊற்றிப் பயனில்லை. ஊற்றினால் அடிபடுவது, மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) மரத்துக்கு எடுத்துத் தரும் வேர் உட்பூசணமும்தான். அது குடை விரிக்காது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சருகைக் கொளுத்தும் பழக்கம் உண்டா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. இருந்தால் இன்றே விடுங்கள். தேக்கின் வைரத்தை அழுகல் லேசில் தொடாது, வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெளிறை எளிதில் தின்னும். எட்டு வயது மரத்தில் பெரும்பகுதி வெளிறுதான். தீயில் தூர்ப்பட்டை வெடித்தால் அழுகலுக்கு நீங்களே கதவு திறந்துவிடுகிறீர்கள். உழும்போது கொழு வேரைக் கிழித்தாலும் அதே கதைதான். சருகு கிடந்து மட்கட்டும். தூரை ஒட்டி மட்டும் ஒரு முழம் விலக்கிவிடுங்கள். சருகை மண்ணாக்கும் கூலியாள்தான் நீங்கள் கொல்ல நினைக்கும் அந்த வெள்ளைக் காளான்.

அப்புறம், சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இனம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் உடன் இல்லாமல் சட்டியில் போடாதீர்கள்.